அறுபது கிலோ பிரிவு

விருதுநகரில் மாவட்ட பெஞ்ச் பிரஸ் போட்டி. அறுபது கிலோ உடல் எடைப் பிரிவில் என்னோடு சேர்த்து மூன்று பேர்தான். தொண்ணூறு கிலோவை மார்பிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டால் ஏதாவது ஒரு பதக்கம் உறுதி. அடுத்த பிரிவான அறுபத்தேழரையில் பதினோரு பேர், எல்லாரும் நூறுக்கு மேல் தூக்குகிறவர்கள். அதனால் சோற்றைக் குறைத்தேன். மாலைக் கல்லூரி வகுப்பில் தலை சுற்றும். சரியாகத்தான் செய்கிறேனா என்ற சந்தேகம் மட்டும் குறையவில்லை.

எங்கள் ஜிம்மில் எடை பார்க்கும் மிசின் கிடையாது. அம்மா வீட்டில் உருட்டும் பட்டாசுக் குழாய்களைச் சனிக்கிழமைதோறும் கம்பெனிக்குக் கொண்டு போவேன். சின்னக் குழாய்களை அங்கே எண்ண மாட்டார்கள், நிறுத்துத்தான் கூலி. மூட்டையை இறக்கிவிட்டு அதே தராசில் நான் ஏறுவேன். போட்டிக்கு முந்தின நாள் ஐம்பத்தொன்பதரை காட்டியது.

மறுநாள் விருதுநகரில் அறுபத்தொன்று எண்ணூறு.

"தராசு தப்பா இருக்குமோ சார்?"

நடுவர் இரண்டு இருபது கிலோ பிளேட்டுகளை எடுத்துத் தராசில் வைத்தார். சரியாக நாற்பது.

"ஏலே அன்பு, வெளிய ஓடுலே. வேர்த்தா எறங்கிரும்" என்றான் கூட வந்த வெள்ளைத்துரை.

"ரெண்டு கிலோவா?"

"பின்ன, மொட்டை அடிச்சாலும் உன் தலையில அம்புட்டு மயிரு இல்ல."

நான் ஓடவில்லை. அறுபத்தேழரையில் எழுதிக்கொண்டார்கள். தொண்ணூறு தூக்கினேன். கடைசி இடம். பஸ்ஸில் வரும்போது வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜிம்மிலிருந்து இருபது கிலோ பிளேட் ஒன்றைச் சாக்கில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டேன். அன்று அம்மாவும் வந்திருந்தாள். குழாய் மூட்டைக்கு முன்னால் பிளேட்டைத் தராசில் வைத்தேன். பத்தொன்பதே கால்.

"அண்ணாச்சி, இது இருபது கிலோ."

சூப்பர்வைசர் முத்துராமலிங்கம் முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அது ஒங்க ஜிம்மு கணக்கு தம்பி. இங்கன கம்பெனிக் கணக்குதான்."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "எறக்குலே அத. சீசன் நேரத்துல ஆர்டரக் கெடுத்துராத. கோவிச்சுக்காதீக அண்ணாச்சி, சின்னப்பய."

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாக என்று நான் கேட்கவில்லை. பிளேட்டை இறக்கினேன். அவள் மூட்டையை ஏற்றினாள். அவர் சொன்ன எடைக்குத் தலையாட்டினாள்.

பிளேட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வெள்ளைத்துரை கேட்டான்:

"அடுத்த தடவை எந்தப் பிரிவுலே?"

"அறுபத்தேழரை."

அன்று வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அம்மா மூன்றாவதும் வைத்தாள். ருசி எதுவும் தெரியவில்லை. அதையும் சாப்பிட்டேன்.