கிழக்கே எழுந்த மேகம்

1911ஆம் ஆண்டு ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் பாளையங்கோட்டைக்குக் கிழக்கேயுள்ள கரிசல் காடுகளில் மழை இல்லை. வடிவம்மாள் மழையை நம்பி ஒருமுறை கம்பு விதைத்து, அத்தனையையும் எறும்புக்கும் புறாவுக்கும் கொடுத்திருந்தாள். மிச்சமிருந்தது ஓர் ஓலைக் கடகம் நிறைய விதைதான்.

அன்று மதியம் மேற்கே மலைப்பக்கம் கறுத்து இடி கேட்டது. அவளும் தம்பி அப்பாத்துரையும் ஏரும் விதைக் கடகமுமாக வயலுக்குப் போனார்கள். ஆனால் மேகம் அங்கேயே கொட்டித் தீர்த்து வெளுத்துவிட்டது. அப்பாத்துரை மாட்டை அவிழ்த்தான். அப்போதுதான் மேற்கிலிருந்து மண்வாசனையோடு குளிர்ந்த காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

காற்று அடங்குமுன் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியை இன்பமணி வரப்பில் ஓடி வந்தாள். பள்ளி மழைமானியை மூன்று வருஷமாகப் பார்த்து எழுதுகிறவள் அவள். எங்கோ பெய்து முடிந்த மழையின் குளிர்காற்று தரையோடு பரவி வரும். கடலிலிருந்து வரும் ஈரமான வெக்கைக் காற்றுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்கும். அங்கே புது மேகம் எழும். இதை அவள் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“பதினோரு தடவை இந்தக் காத்து வந்திருக்கு, அக்கா. ஏழு தடவை பின்னாலயே மழை பெய்ஞ்சிது. நாலு தடவை ஏமாத்திட்டு. அதையும் சொல்லிருதேன்.”

வடிவம்மாள் கடகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாலுக்குப் பயந்தா ஒருநாளும் விதைக்க முடியாது, டீச்சரம்மா. ஏலே அப்பாத்துரை, மாட்டைப் பூட்டு.”

அவள் விதையைத் தூவிக்கொண்டே போக, அவன் பின்னால் உழுது மூடினான். கடகம் காலியானபோது வெயில் திரும்பவும் சுள்ளென்று அடித்தது. பேசாமல் இருந்திருக்கலாமோ என்று இன்பமணி நினைத்தாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கிழக்கே, வெறும் வானத்தில், பஞ்சுப்பொதி போல ஒரு மேகம் தலை தூக்கியது. பார்க்கப் பார்க்க உயர்ந்து, அகன்று, அடியில் கறுத்தது. வயலில் நிழல் விழுந்தது. முதல் துளி அப்பாத்துரையின் முதுகில் விழுந்தது. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

மூவரும் ஓடவில்லை, நனைந்துகொண்டே நின்றார்கள். ஒருமணி நேரம் பெய்தது. மழை ஓய்ந்ததும் அவர்களைக் கடந்து ஒரு குளிர்காற்று கிழக்கே போயிற்று. ஸ்ரீவைகுண்டம் பக்கம் வானத்தில் இன்னொரு மேகம் எழத் தொடங்கியிருந்தது.

“அங்கனயும் யாராவது விதையை வச்சிக்கிட்டு நிப்பாங்க” என்றாள் வடிவம்மாள்.