புது ஐம்பது

"உள்ள வராதீங்க சார். அங்கயே நில்லுங்க."

மலர்வளையத்தோடு படியேறிய ஒளிப்பதிவாளரை அவள் கையை நீட்டி மறித்தாள். கூடத்தில் அண்ணன் கிடந்தான். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. நான்கு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வரும். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் சினிமா யூனிட் ஆட்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாரமாக, 'டேப்புக்குக் கண்ணு போச்சு' என்று டீ குடிக்கிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தவர்கள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று காலையிலிருந்து அவள் பொருமிக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு டேப்பு என்று பேர் வந்ததே அளவெடுக்கிற பைத்தியத்தால்தான். நடிகர் எங்கே நின்றாலும் கேமராவிலிருந்து எத்தனை அடி என்று டேப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபோகஸைத் தொடுவான். அதே கேமராவில் அவளும் உதவியாளர். லென்ஸ் வளையம் எங்கே நிற்கிறது என்று அவன் கையிலிருக்கும் ரிமோட்டுக்குச் சொல்கிற கருவிக்கு என்கோடர் என்று பெயர். அதை மாட்டி, ஒவ்வொரு லென்ஸுக்கும் அடிக்கணக்கைப் பதிந்து வைப்பது அவள் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை எடுத்த பதினோரு ஷாட்டும் ஃபோகஸ் அவுட். ஞாயிற்றுக்கிழமை முதல் அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"நாலு பேர் பாக்கறாங்கம்மா" என்றார் ஒளிப்பதிவாளர்.

"பாக்கட்டும். எங்கண்ணன் கண்ணு நல்லாதான் இருந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு உள்ள வாங்க. வண்டி வர்றதுக்குள்ள சொல்லணும்."

"அதை நான் எப்படிம்மா சொல்றது?"

"கண்ணு போச்சுன்னு மட்டும் எப்படிச் சொன்னீங்க? மிஷின்ல கோளாறான்னு ஒருத்தராவது பாத்தீங்களா?"

அவர் மலர்வளையத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "சனிக்கிழமை சாயங்காலம் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். என்கோடர்ல தப்பா, பதிஞ்ச அளவுல தப்பான்னு மூணு தடவை கேட்டேன். அதெல்லாம் சரியா இருக்கு சார், என் கண்ணுதான் ஏமாத்துதுன்னு அவரேதான் சொன்னாரு."

"பொய் சொல்றீங்க."

"அவரோட சொந்த ரிமோட்தானே. உள்ளதான் இருக்கும். நீயே பாரு."

பார்த்து அவர் முகத்தில் எறிய வேண்டும் என்றுதான் உள்ளே போனாள். பின்கட்டு அறையில் அண்ணனின் கருவிப் பெட்டியை அவள் திறந்ததும், "பொணத்த வெச்சிக்கிட்டு இப்பதான் பெட்டிய நோண்டணுமா" என்று பெரியம்மா முணுமுணுத்தாள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரிமோட்டில் லென்ஸ் பட்டியல் வந்தது. இருபத்தைந்து, முப்பத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து. எல்லாம் அவள் பதிந்தவை. கடைசியில் இன்னொரு வரி இருந்தது: '50 புது'. அதை அவள் பதியவில்லை. பதிந்த நேரம் அந்தச் சனிக்கிழமை மதியம் ஒன்று பத்து என்று காட்டியது. சாப்பாட்டு நேரம்.

அப்போதுதான் நினைவு வந்தது. கீறல் விழுந்திருக்கிறது என்று ஐம்பது எம்எம் லென்ஸை வாடகைக் கம்பெனி வியாழக்கிழமை மாற்றிக் கொடுத்தது. மறுநாள் மழை வருவதற்குள் ஷாட்டை முடிக்கச் சொல்லி எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஐம்பதுக்கு ஐம்பதுதானே என்று பழைய பதிவையே போட்டுவிட்டாள். ஒரே கம்பெனியில் செய்த இரண்டு ஐம்பதுக்குக்கூட வளையத்தில் அடிக்கணக்கு ஒன்றாக விழாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொள்கிற விஷயம் அது. ரிமோட் ஏழடி என்று காட்டியபோது லென்ஸ் ஆறரையில் நின்றிருக்கிறது.

அவன் கண்டுபிடித்திருக்கிறான். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தனியாக உட்கார்ந்து வளையத்தைத் திருப்பித் திருப்பிப் புதிதாகப் பதிந்திருக்கிறான். சாயங்காலம் போய், கண்தான் என்று சொல்லியிருக்கிறான்.

கூனிக் குறுகித்தான் போனாள். ஆனால் அது கொஞ்ச நேரம்தான். அப்புறம் வந்த கோபம் அதுவரை வந்த கோபத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கல்லுளிமங்கன். யார் கேட்டார்கள் இவனை? தப்பு வெளியே தெரிந்தால் அண்ணன் தயவில் வந்தவள்தானே என்று துரத்திவிடுவார்கள், அது அவளுக்கும் தெரியும். துரத்தட்டுமே. லென்ஸ் மாத்தினது நினைப்பில்லையா எருமை என்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றானே, வாயைத் திறந்தானா?

வாசலில் நின்ற ஒளிப்பதிவாளரைத் தாண்டி அவள் தெருப்படிக்கு வந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. வெள்ளிக்கிழமை லென்ஸுக்குப் பழைய அளவைப் போட்டது நான். புது லென்ஸ்னு மறந்துட்டேன். எங்கண்ணன் கண்ணுல ஒரு கொறையும் இல்ல. தெரிஞ்சும் எனக்காகப் பழிய வாங்கிக்கிட்டான்."

"இப்ப எதுக்கும்மா இதெல்லாம்" என்றார் ஒளிப்பதிவாளர் மெதுவாக.

"இப்பதான் சார். இனிமே யாரும் என்னை வேலைக்குக் கூப்பிட வேண்டாம். அவனுக்குக் கண்ணு போச்சுன்னும் யாரும் சொல்ல வேண்டாம்."

லைட்மேன் ஒருவர் எழுந்து நின்றார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

திரும்பினாள். நிலையைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் அப்படியே நின்றாள்.

"மூணு வாரமா" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "தெனம் காலையில கேரட் சாறு போட்டுக் குடுத்தேன். கண்ணுக்கு நல்லதுன்னு."

அண்ணி கூடத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"கேரட்டே ஆகாது அவருக்கு. ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டு, டம்ளரையும் அவரே கழுவி வெச்சாரு."

வண்டி வந்து வாசலில் நின்றது. ஓட்டுநர் இறங்கி, கொஞ்சம் வழி விடச் சொன்னார். இரண்டு பேரும் படியை விட்டு நகரவில்லை.