காமராவுக்கு இந்தப் பக்கம்

"கொஞ்சம் அங்காலை திருப்பு பிள்ளை, என்ர தோள் படத்திலை விழுகுது," என்றார் தர்மலிங்கம் மாமா.

ஆரபி காமராவைத் திருப்பினாள். இப்போது நேரலைத் திரையில் அப்பாவின் சவப்பெட்டியும் முன்வரிசைக் கதிரைகள் இரண்டும் மட்டுமே தெரிந்தன. கதிரைகள் வெறுமையாக இருந்தன. ஒலியை அவள் முதலிலேயே நிறுத்தியிருந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நகரின் புறப்பகுதிகளான ரொம்சோஸிலிருந்தும் ஸ்டோவ்னரிலிருந்தும் வந்தவர்கள் குளிர்கோட்டைக் கழற்ற இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். உள்ளே வந்த ஒவ்வொருவரும் முதலில் தேடியது காமராவைத்தான். கோடையில் ஊர்த் திருவிழாவுக்குப் போகவேண்டும். ஆரபியின் அப்பா சிறீஸ்கந்தராசாவின் செத்தவீட்டில் காணப்பட்ட முகத்தோடு அங்கத்தைய விமான நிலையத்தில் இறங்க ஒருவருக்கும் துணிவில்லை. ஊரை ஆளும் அமைச்சர்களின் ஊழலையும் தள்ளிப்போடப்பட்ட தேர்தல்களையும் பற்றி ஞாயிறுதோறும் இணையத்தில் பெயர் சொல்லிப் பேசிய மனிதர் அவர். அதனால் தன் தாயின் சாவுக்குக்கூட அவரால் போகமுடியவில்லை.

"உன்ர அப்பர் என்னையும் அந்த ஞாயிறு நிகழ்ச்சியிலை வந்து கதை எண்டு எத்தினை தரம் கேட்டவர்," மாமா குரலைத் தாழ்த்தினார். "அப்ப ஒளிச்சுப்போட்டு இப்ப இதிலை பிடிபட்டனெண்டால் மனுசன் பெட்டிக்குள்ளை கிடந்து சிரிப்பார்."

ஆரபி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. ஊரிலே கொக்குவிலில் இருந்து யோகராசா சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி.

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் பிள்ளை. ஒருத்தரும் வரேல்லையோ?"

"நிறையச் சனம் சித்தப்பா."

"எனக்குச் சமாதானம் சொல்லாதை. கதிரையெல்லாம் சும்மா கிடக்கு. உந்தச் சனத்துக்காகத்தானே எல்லாத்தையும் விட்டவர். கடைசியிலை அண்ணை தனியப் போறார்." மற்றப் பக்கத்தில் அவர் அழுதார்.

ஆரபியின் கை காமராவைச் சனத்தின் பக்கம் திருப்பப் போனது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். தர்மலிங்கண்ணை வாற கிழமை தாயைப் பாக்க ஊருக்குப் போறார். அந்த மனுசி கடைசிக் கட்டத்திலை."

"அப்ப சித்தப்பா சாகுமட்டும் இப்பிடியே நினைச்சுக்கொண்டு இருக்கட்டுமோ?"

அம்மா கையை விடவில்லை.

ஐயர் பூப்போட அழைத்தார். ஆரபி கையை விடுவித்துக்கொண்டு, காமரா நின்ற முக்காலியைப் பெட்டியோடு ஒட்டி வைத்தாள். மேலிருந்து அப்பாவின் முகமும் நெஞ்சும் மட்டும் விழும்படி காமராவைச் சரித்தாள்.

"முகம் விழாது மாமா," என்றாள். "கை மட்டும்தான்."

தர்மலிங்கம் மாமா அவளைப் பார்த்தார். பிறகு கைமணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் பூவை எடுத்தார். அவருக்குப் பின்னால் மோதிரங்கள் கழன்றன. பெண்கள் வளையல்களைக் கோட்டுக் கைக்குள் தள்ளினார்கள்.

திரைக்குள் கைகள் வரத்தொடங்கின. அடுப்புச் சூடு பட்ட கை. தோல் சுருங்கிய கை. மருதோன்றி இன்னும் அழியாத கை. அப்பாவின் நெஞ்சு மெல்ல மெல்லப் பூவால் மூடுண்டது.

"இது ஆரின்ரை கை பிள்ளை?"

"சொல்லேலாது சித்தப்பா."

"இது?"

"அதுவும் சொல்லேலாது."

சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். "சரி, சொல்லாதை. காட்டு."

வரிசை முடிய நெடுநேரம் எடுத்தது. கடைசியாக வந்த கையில் பூ இல்லை.

"இது அம்மா," என்றாள் ஆரபி.

அந்தக் கை பூக்களை விலக்கி, அப்பா ஒருநாளும் பூட்டாத, இன்று யாரோ இறுக்கிப் பூட்டியிருந்த சேர்ட்டின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டது.