எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்

பழைய ரிமோட்டையும் புது ரிமோட்டையும் மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி கட்டில் ஓரத்தில் படுக்கவைத்துவிட்டு, செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் என் மகன் பாலகுரு. காப்பு கட்டிக்கொண்டு திரௌபதியம்மன் கோயிலிலேயே தங்கியிருக்கிறான். சாயங்காலம் தீ மிதிக்கப்போகிற பிள்ளை வீட்டுக்கு வரக்கூடாது. அதனால் எனக்குப் பாடம் போனில்தான் நடந்தது.

“செட்டு பட்டன வுடாம அழுத்திப் புடிம்மா. செவப்பு லைட்டு எரியுதா?”

“எரியுது.”

“இப்ப புதுசுல ஒரு பட்டன அமுக்கு. அப்புறம் பழசுல அதே பட்டன அமுக்கு. லைட்டு மூணு வாட்டி கண்ணடிச்சா கத்துக்கிச்சின்னு அர்த்தம்.”

“உங்கப்பன் கண்ணடிச்சே எனக்கு ஒண்ணும் புரிஞ்சதில்ல. இதுகிட்டயா புரியப்போவுது?”

“சாமி காரியத்துல இருக்கறேம்மா, சிரிக்க வெக்காத” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

எங்கள் வீட்டில் டிவிக்கு ஒரு ரிமோட், கேபிள் பாக்ஸுக்கு ஒன்று, ஹோம் தியேட்டருக்கு ஒன்று. மரக்காணத்து உப்புக்காற்றில் ரிமோட்டுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கெல்லாம் துருவேறிப் போய்விடும். பட்டனை அமுக்குவது பாதி, முதுகில் தட்டுவது பாதி. இரண்டு கையும் விளங்குகிறவர்களுக்கே அது பெரும்பாடு. என் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்கு வாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இடது கைதான். அந்த ஒரு கையால் எல்லாவற்றையும் போடட்டும் என்று, மூன்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட்டாகத் திண்டிவனத்தில் வாங்கி அனுப்பியிருந்தான் பிள்ளை. பெரிய பெரிய பட்டன். குழந்தைகூட அமுக்கும்.

அவசரம் எதற்கென்றால், அன்றைக்குத்தான் தீமிதி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு வருஷம் விடாமல் தீயில் இறங்கின மனுஷன் அவர். முதல் முறையாகக் கட்டிலில் கிடக்கிறார். அவருக்குப் பதிலாக முதல் முறையாகப் பாலகுரு இறங்குகிறான். லோக்கல் கேபிள்காரன் நேரடியாகக் காட்டப்போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. காலண்டரைக் காட்டுவார், டிவியைக் காட்டுவார், மகன் போட்டோவைக் காட்டுவார். இந்த மூன்றைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். டிவி பட்டன்களைக் கற்றுக்கொடுத்தேன், தியேட்டர் சத்தம் ஏற்றுவதை, இறக்குவதைக் கற்றுக்கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் லைட்டு மூன்று முறை சிமிட்டியபோது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பாக்ஸ் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அவர் விரலைச் சொடுக்கினார்.

பேச்சு போனாலும் அந்தச் சொடக்கு போகவில்லை. உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த காலத்தில், வரப்பில் நின்றுகொண்டு அப்படித்தான் சொடுக்குவார். லாரி நிற்கிறது, கூடையைத் தூக்கு, சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம். பெண்டாட்டி என்றெல்லாம் கிடையாது. எல்லாப் பொம்பளைக்கும் ஒரே சொடக்குதான்.

எங்கம்மா செத்த அன்றைக்கும் சொடுக்கினார். கிளியனூரிலிருந்து என் தம்பி வெங்கடாசலம் காலையிலேயே இவருடைய செல்லுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். இவர் கேட்டுக்கொண்டு, செல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொடுக்கினார். நானும் கூடையைத் தூக்கினேன். உப்பு அம்பாரத்திலிருந்து லாரி, லாரியிலிருந்து அம்பாரம். என்னிடம் சொன்னால் நான் ஓடிவிடுவேன், என் பின்னாலேயே கூட வேலை செய்கிறவர்களும் துக்கத்துக்கு வந்துவிடுவார்கள், லோடு நின்றுவிடும். அவ்வளவுதான் அவர் கணக்கு. லாரிக்குத் தார்ப்பாய் கட்டி முடித்த பிறகு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்.

“உங்கம்மா பூட்டாங்களாம். கெளம்பு.”

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஓடின தண்ணீரில் பூ மிதந்து வந்தது. வாய்க்கரிசி போடவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. உப்புக் கையோடு நின்ற என்னைப் பார்த்துத் தம்பி, “கூலி வாங்கிக்கினு பொறுமையா வந்தியாக்கா?” என்று கேட்டான். காலையிலேயே எனக்குத் தெரியும் என்றுதான் அவன் இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான். என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பாலகுரு கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லுங்கள் என்று இவர் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறேன். “அவங்கிட்ட நான் எதுக்கு வெளக்கம் சொல்லிக்கினு கெடக்கணும்” என்பார். சொல்லியிருக்கலாம், வாய் இருந்த காலத்தில்.

“இன்னாம்மா, பாக்ஸு முடிஞ்சிதா?” போனில் பிள்ளை.

“நான் பாத்துக்கறேன்டா. நீ தண்ணி கிண்ணி குடிச்சிட்டு நிழல்ல ஒக்காரு” என்று வைத்துவிட்டேன்.

பாக்ஸ் ரிமோட்டில் ஒரு பவர் பட்டன் உண்டு. ஒரு தடவை அமுக்கினால் பாக்ஸ் எழும், மறுதடவை அமுக்கினால் அணையும். அது எழுந்து படம் காட்டுவதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். புது ரிமோட்டில் இருக்கிற பத்து நம்பருக்கும் அந்த ஒரு பட்டனையே கற்றுக்கொடுத்தேன். ஒன்றை அமுக்கினாலும் பவர், ஒன்பதை அமுக்கினாலும் பவர். லைட்டு ஒவ்வொரு தடவையும் சமர்த்தாகச் சிமிட்டியது.

ஒரு விஷயத்தில் மட்டும் நியாயமாக நடந்துகொண்டேன். பாக்ஸை லோக்கல் சேனலில் நிறுத்தி அணைத்தேன். எந்த நம்பரையாவது ஒரே ஒரு தடவை அமுக்கிவிட்டுக் கையைச் சும்மா வைத்திருந்தால் போதும், அந்தச் சேனல் தானாக வந்துவிடும். பிள்ளையைக் கண்ணாரப் பார்க்கலாம். பொறுக்கத் தெரிந்த கையாக இருந்தால் பார்க்கட்டும். அந்தக் கையோடு நான் எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

பழைய பாக்ஸ் ரிமோட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் மருமகள் ரேணுகா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பக்கத்து வீட்டு யுவராணி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“யக்கா, எங்க வூட்டுல படம் பளிச்சின்னு தெரியுது. எங்க வூட்டுக்காரர வரச் சொல்லட்டுமா? அண்ணன சேரோட தூக்கினு வந்துடலாம்.”

கட்டிலில் இருந்த மனுஷன் கம்பியைப் பிடித்து ஆட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. போகலாம், போகலாம் என்கிறார். அவர் பேச்சு இந்த ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் புரியும்.

“பாத்தியா, வாணாங்கறாரு” என்றேன். “மூத்திர ட்யூபு போட்டிருக்குது, நாலு பேரு முன்னால வரக் கூச்சமா இருக்குதாம்.”

“ஆமாம்க்கா, கௌரவமா இருந்த மனுஷனாச்சே” என்று அவள் போய்விட்டாள். அவர் என்னையே பார்த்தார். நான் தலையணையைச் சரிசெய்து, ரிமோட்டை அவர் இடது கையில் வைத்தேன்.

“இந்தாங்க. எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான். நீங்களே போடுங்க.”

டிவியைப் போட்டார், வந்தது. தியேட்டரைப் போட்டார், அதுவும் வந்தது. முகத்தின் பாதிப் பக்கம் சிரித்தது. பிறகு லோக்கல் சேனலின் மூன்று நம்பரை அமுக்கினார். பாக்ஸ் எழுந்தது, அணைந்தது, மறுபடி எழப் பார்த்தது. திரை நீலமாக நின்றது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மறுபடியும் மூன்று நம்பர். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு, சிவப்பு. ரிமோட்டைத் தொடையில் தட்டினார், மறுபடி அமுக்கினார். வாசற்படியில் உட்கார்ந்து புளி ஆய்கிற சாக்கில் நான் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு குளிர்ந்துகொண்டு வந்தது என்று சொன்னால் பாவம்தான், ஆனால் அப்படித்தான் இருந்தது.

நடுவில் ஒரு தடவை கை சலித்துப்போய்க் கொஞ்சம் நிறுத்தினார். நான் புளியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். படம் வந்துவிட்டது. ஏதோ நகைக்கடை விளம்பரம், ஒரு பெண் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கீழே எழுத்து ஓடியது, ‘சற்று நேரத்தில் தீமிதி நேரலை’ என்று. அவருக்கு எழுத்துப் படிக்க வராது, நம்பர் மட்டும்தான் தெரியும். இது வேறு சேனல் என்று நினைத்துக்கொண்டார் போல. விரல் நம்பருக்குப் போனது. நீலம்.

அவர் என்னைப் பார்த்துச் சொடுக்கினார்.

“பாக்ஸு ரிப்பேரு போலருக்குதுங்க” என்றேன். “நான் இன்னா பண்ணட்டும்? உங்க கையில தானே குடுத்திருக்குது.”

மறுபடி சொடுக்கினார். மெதுவாக. எனக்கு அவரைத் தெரிந்த நாளிலிருந்து அவர் மெதுவாகச் சொடுக்கிப் பார்த்ததில்லை. நான் எழுந்திருக்கவில்லை. இடுப்பில் அந்தப் பழைய ரிமோட் விலா எலும்பில் குத்திக்கொண்டிருந்தது. என் பிள்ளை முதல் முறை நெருப்பில் இறங்குவதை நானும்தான் பார்க்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஏரிக்கரைப் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கிளம்பியது. தீ மிதிக்கிறவர்கள் குளித்துவிட்டு வருகிறார்கள். சத்தம் தெருமுனையைத் தாண்டி, அரசமரத்தைத் தாண்டி, கோயில் திடலுக்குப் போனது. அவர் ரிமோட்டை விட்டுவிட்டார். அது கட்டிலிலிருந்து உருண்டு தரையில் விழுந்து, பேட்டரி ஒன்று கழன்று பீரோவுக்கு அடியில் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரா என்று கிட்டே போனேன்.

திடலில் வேட்டு வெடித்தது. “கோவிந்தா” என்று ஊரே ஒரே குரலாகக் கத்தியது. பம்பை இப்போது அடியும் இடைவெளியும் தெரியாமல் அடித்தது. கால்மாட்டில் போர்வை அசைந்தது. இடது கால் எழும்பி, பாதத்தை முழுசாகப் பதித்து, மெத்தையில் ஓர் அடி வைத்தது. அப்புறம் அது பின்னால் வந்து, விறகு மாதிரிக் கிடந்த வலது குதிகாலுக்கு அடியில் மெல்ல நுழைந்து, அதைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னால் வைத்தது.