சரிவில் ஒரு சோதனை ஓட்டம்

வடக்கே நிக்டியில் முப்பது வருஷம் குடியிருந்து ஆலையில் மெஷின் ஓட்டிய கந்தசாமி, ஓய்வு பெற்ற கையோடு பவுடு என்ற ஊருக்கு அப்பால் மலைச்சரிவில் ஒன்றரை ஏக்கர் வாங்கியிருந்தார். மழை இறங்குவதற்குள் உழுதாக வேண்டும். பெரிய டிராக்டர் அந்தச் சரிவில் நிற்காது. பின்னால் நடந்தபடி ஓட்டும் பவர் டில்லர்தான் வழி. ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று கடைக்காரன் மனோஜ் இரண்டை டெம்போவில் ஏற்றி வந்து இறக்கினான்.

ஒன்று பெரியது. அகன்ற டயர், மண் கிளறும் கத்திகள், டிரெய்லர்கூட மாட்டலாம். மற்றது அதில் பாதிதான் இருந்தது. கந்தசாமியின் கண் பெரியதை விட்டு நகரவில்லை.

"கையை விட்டா நின்னுருமா?" என்று அவர் மனைவி சரசா மனோஜிடம் இந்தியில் கேட்டாள்.

சின்னதில் லீவரை அழுத்திப் பிடித்திருந்தால்தான் வண்டி ஓடும் என்றான் அவன். பெரியதில் கிளட்சைப் போட்டுவிட்டால் நாமாக எடுக்கும்வரை ஓடும். நிறுத்த, கைப்பிடியருகே சிவப்பு பட்டன் இருந்தது.

"அப்ப சின்னதே போதுமுங்க" என்றாள் சரசா.

"முப்பது வருசம் மெஷின்லயே நின்னவனுக்கு நீ சொல்லித் தர்றியா? செத்த சும்மா இரு."

கந்தசாமி பெரியதைக் கீழிருந்து மேலாக ஓட்டினார். மண் பிளந்து புரண்டது. மனோஜுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே டெம்போ பக்கம் போனான். உச்சிக்கு வந்ததும் கந்தசாமி திருப்புவதற்காக ரிவர்ஸ் போட்டார். வண்டி சரிவின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு அவர் மேலேயே வந்தது. இரண்டடி பின்வாங்கினார். குதிகால் கல்லில் இடறி, ஓரத்துக் கல்வரப்பில் சாய்ந்து விழுந்தார். கைப்பிடி நெஞ்சை அழுத்தியது. கத்திகள் சுற்றியபடியே காலை நெருங்கின.

மேல் வரப்பில் நின்றிருந்த சரசா சறுக்கிக்கொண்டே இறங்கினாள். அவசரத்தில் கை ஆக்சிலேட்டரில் பட்டு இன்ஜின் இன்னும் அலறியது. மறு கையால் துழாவி சிவப்பு பட்டனைக் குத்தினாள். சத்தம் அடங்கியது. வண்டி மேலும் உருளாதபடி டயருக்கு அடியில் ஒரு கல்லைத் திணித்தாள். கத்தி அவர் ஷூவின் முனையைக் கிழித்திருந்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மனோஜ் மூச்சிரைக்க ஓடிவந்து வண்டியை இழுத்து விலக்கினான்.

"நீ எதுக்கு எறங்குன? உம்மேல சாஞ்சிருந்தா?" என்றார் கந்தசாமி.

"சாயலீங்க. தண்ணி குடிங்க."

அவர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, சின்னதை அவளே எடுத்தாள். மேலும் கீழுமாகப் போகாமல் சரிவுக்குக் குறுக்கே இருபது அடி ஓட்டினாள். நடுவில் வேண்டுமென்றே கையை விட்டாள். வண்டி அங்கேயே நின்றது. கந்தசாமி எழுந்து வந்து அதன் லீவரை அழுத்தியும் விட்டும் பார்த்தார்.

"மனோஜ்கிட்ட சின்னதுக்கு இரும்புச் சக்கரம் கேளு. ஈர மண்ணுல ரப்பர் வழுக்கும். மண்ணணைச்சுப் பார் போடற கலப்பையும் கேளு. டிரெய்லர் வேண்டாம்."

"மேல அந்தச் செங்குத்தான துண்டு?"

"அது புல்லாவே கெடக்கட்டும், சரசு."

அடுத்த வாரம் சின்ன வண்டி வந்தது. மழைக்கு இரண்டு நாள் முன்னால் உழவு முடிந்தது. பாதிக்கு மேல் ஓட்டியவள் சரசா.