வாசற்படி இரண்டு மீட்டர் வலப்பக்கம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதில்லை, எதிர்வீட்டு லுட்கார்டினுடையது. அவளைக் கேட்டு எடுக்கவில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

[டிசம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு — வேண்டாம். எங்கள் பார்லேயில் டிசம்பரில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி.]

[ஐரோப்பாவில் எல்லைகளே இல்லை என்று யார் — இது கட்டுரை. லுட்கார்ட் கட்டுரைக்குள் அடங்கமாட்டாள்.]

சரி, வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். பெல்ஜியமும் நெதர்லாந்தும் பின்னிக்கிடக்கும் எங்கள் ஊரில் எல்லைக்கோடு தெருவில் ஓடும், கடைக்குள் ஓடும், சிலர் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் ஓடும். முன்வாசல் எந்த நாட்டு மண்ணில் திறக்கிறதோ, வீடு அந்த நாட்டுக்குச் சொந்தம். லுட்கார்டின் வாசல் நெதர்லாந்தில் இருக்கிறது. கோடு அதற்கு வலப்பக்கம் சுவரைக் குறுக்கே வெட்டிப் போகிறது. கோட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் சமையலறை பெல்ஜியம்.

2

அவள் மகள் வேர்லே சேற்றுச் சைக்கிள் பந்தயக்காரி. ஓட்ட முடியாத மேட்டில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற பந்தயம் அது. பதினெட்டு வருடமாக ஓட்டியவள், ஞாயிறு மூன்று மணிப் பந்தயத்தோடு நிறுத்திக்கொள்கிறாள்.

இதுவரை எல்லாப் பந்தயத்துக்கும் லுட்கார்டும் அவள் கணவர் யோஸும் கையில் உலர்ந்த சட்டையோடு கயிற்றோரம் நின்றிருக்கிறார்கள். இந்தமுறை யோஸுக்கு இடுப்பெலும்பு முறிந்து, சமையலறையிலேயே கட்டில் போட்டிருந்தது. அவரை விட்டுவிட்டுப் போக லுட்கார்டுக்கு மனமில்லை. பந்தயத்தைக் காட்டுவது ஒரே ஒரு பெல்ஜிய இணையச் சேனல். புதன்கிழமை திறந்து பார்த்தாள். 'இந்த நிகழ்ச்சி நீங்கள் இருக்கும் நாட்டில் கிடைக்காது' என்றது திரை.

"எந்த நாடு? அடுப்பு பெல்ஜியம், நாற்காலி பெல்ஜியம், எம் புருஷன் படுத்திருக்கிற கட்டில் பெல்ஜியம்!" என்று கத்தியது என் வீடு வரை கேட்டது.

வாசல் நெதர்லாந்தில் என்பதால் இணையக் கம்பி நெதர்லாந்துக் கம்பெனியுடையது. திரைக்குக் கம்பிதான் தெரியும், கட்டில் தெரியாது. சேனலுக்குத் தொலைபேசினாள். எடுத்த பெண் பொறுமைசாலி.

"அம்மா, நீங்க பெல்ஜியத்துல குடியிருந்து, நெதர்லாந்துக்கு லீவுக்குப் போயிருந்தீங்கன்னா பார்க்கலாம்."

"நான் லீவே எடுத்ததில்ல, தாயி."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

ஊர் சுற்றப் போனவனுக்குக் கிடைக்கும், வீட்டில் இருப்பவளுக்குக் கிடைக்காது. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.*

* நண்பர் ஒருவர், ஒளிபரப்பு உரிமையை நாடு நாடாக விற்றால்தான் சின்னச் சேனல்கள் பிழைக்கும் என்றார். இருக்கலாம். அதை அவர் லுட்கார்டின் சமையலறையில் நின்று சொல்லட்டும்.

3

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இது உண்மையான பிடிவாதமா, நான் கதைக்காக ஏற்றிவிட்ட பிடிவாதமா? வழிதான் எளிதாக இருக்கிறதே. அவள் தம்பி டிரீஸ், கொத்தனார், வியாழக்கிழமை அதைச் சொன்னான்.

"அக்கா, ஒரு ஆப் இருக்கு. போட்டுட்டா நீ பெல்ஜியத்துல இருக்கேன்னு அது சொல்லிரும்."

"நான் பெல்ஜியத்துலதான்டா இருக்கேன்!"

"அது அவங்களுக்குத் தெரியாதுல்ல."

"உண்மையா இருக்கிற எடத்துல இருக்கேன்னு சொல்ல நான் எதுக்குடா பொய் மெஷின் வாங்கணும்?"

நானும் என் பங்குக்கு, என் வீட்டுக்கு வந்து பார்க்கலாமே என்றேன். என் வாசல் பெல்ஜியம்.

"யோஸை யாரு தூக்கிட்டு வருவா? நீங்களா? பேனா தூக்கவே மூச்சு வாங்குது உங்களுக்கு. இது எங்க வீடு. எங்க பொண்ண எங்க வீட்டுலதான் பார்ப்போம்."

பிறகு தெருவைப் பார்த்த சமையலறை ஜன்னலைக் காட்டி, "டிரீஸ், இதுக்குக் கீழ இருக்கிற சுவர இடி. வாசல் இங்க வரட்டும்" என்றாள்.

"அனுமதி?"

"யாருகிட்டக் கேக்கணும்? பழைய வாசல் அவங்களுது, சுவர் இவங்களுது. ரெண்டு மேயரும் பேசி முடிக்கறதுக்குள்ள வேர்லேக்குப் பேரப்புள்ள பொறந்துரும்."

அத்தோடு என் சந்தேகம் தீர்ந்தது. இப்படி ஒருத்தியைக் கற்பனை செய்யும் நெஞ்சழுத்தம் எனக்குக் கிடையாது.

4

சனிக்கிழமை சுவர் விழுந்தது. லுட்கார்ட் பெல்ஜிய நகராட்சிக்குச் சொன்னாள். புது வாசலுக்குப் பெல்ஜிய வீட்டு எண் தர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். எண் வந்தால்தான் பெல்ஜியக் கம்பி வரும். ஞாயிறு மதியம் அவள் மறுபடி திரையைத் திறந்தாள். அதே வாக்கியம் வந்தது.

கதவு இன்னும் வரவில்லை. சுவரில் ஆள் உயரத்துக்குப் பொத்தல், வழியே ஈரக்காற்று. இரண்டு ரஜாய்க்கு அடியில் யோஸ். அவள் பொத்தலுக்கு நேரே நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

[அப்போது எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று — இல்லை. யோசனை டிரீஸுடையது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது இந்தக் கதையில் ஏற்கெனவே சட்டமாகிவிட்டது.]

அவன் என் வீட்டுக்குள் புகுந்து, கேட்காமலே என் டிவியைத் தெருப்பக்கம் திருப்பி ஜன்னலில் நிறுத்தினான். தெரு எட்டு மீட்டர் அகலம். ஜன்னலைத் திறந்து சத்தத்தை முழுக்க வைத்துவிட்டு, தெருவைத் தாண்டி அவள் பொத்தலருகே வந்து நின்றோம்.

5

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை மறைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். 'இந்த முடிவு நீங்கள் இருக்கும் நாட்டில் கிடைக்காது' என்று ஒரு வரி போட்டு நிறுத்தினால் சாமர்த்தியம் என்பார்கள். எழுதியும் பார்த்தேன். அடித்துவிட்டேன். அந்தத் திரை அவளுக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்ய மாட்டேன். திருநெல்வேலியோ டொராண்டோவோ யாழ்ப்பாணமோ, எங்கிருந்து படித்தாலும் இந்தாருங்கள்.

மழையில் படம் கலங்கியது. நாற்பது பெண்கள், எல்லோர் மேலும் ஒரே சேறு. முகமும் தெரியவில்லை, முதுகு எண்ணும் தெரியவில்லை.

"எதுன்னு தெரியலையே... என் பொண்ணு எதுன்னு எனக்கே தெரியலையே" என்றாள் லுட்கார்ட். அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் குரல் உடைந்தது.

மேடு வந்தது. எல்லோரும் இறங்கி, சைக்கிளை வலத்தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் இடத்தோளில் போட்டாள்.

"அதோ!" யோஸ் கட்டிலிலிருந்து கத்தினார். "இடது தோளு! பன்னெண்டு வயசுல வலது காறை எலும்பு ஒடிஞ்சுதே! அதோ போறா பாரு நம்ம கழுதை!"

லுட்கார்ட் எழுந்துவிட்டாள். பொத்தலின் இரு பக்கச் செங்கலையும் பிடித்துக்கொண்டு, தெருவே அதிர, "போடீ! போடீ என் ராசாத்தி!" என்று கத்தினாள். பின்னாலிருந்து யோஸ் கத்தினார். நானும் கத்தினேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்த மேடு வந்தது, ஒவ்வொரு முறையும் அந்த இடத்தோள் வந்தது.

வேர்லே எத்தனையாவதாக வந்தாள் என்பதை மட்டும் உங்களிடமே விட்டுவிடுகிறேன். அந்த எண்ணைப் பார்க்க எந்த நாட்டிலும் தடையில்லை. லுட்கார்ட் இன்றுவரை அதைத் தேடவில்லை.