காதுகளைப் பார்க்கும் காவலன்

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு ஒன்றை முதலிலேயே தெரிவித்துவிடுவது முறையாகும். இக்கதை வரலாற்று ஆர்வத்தால் பிறந்ததன்று. என் கணவர் மறைந்தபின், அவர் ஒருபோதும் இருந்திராத ஓர் இடம் எனக்குத் தேவைப்பட்டது. வீட்டில் அப்படியொரு மூலை இல்லை. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் அறவே இல்லை. ஆகவே, ஆயிரம் ஆண்டுகள் பின்னே போனேன். அங்கே மூக்குக்கண்ணாடியே கிடையாது.

2

தொடக்கம்: ‘அந்தி மயங்கும் வேளையில், புழுதி படிந்த குதிரையின் மீது அவள்...’

(வேண்டாம். எனக்குக் குதிரையேறத் தெரியாது. பொறுத்தருள்க.)

மற்றொன்று: ‘உப்பு வணிகரின் வண்டிகளுக்குப் பின்னால் நடந்து, அவள் கோட்டை வாயிலை அடைந்தாள். ஊர், பெயர் எதையும் காவலன் கேட்கவில்லை. அவள் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “ரெண்டு காதும் ஒரே உயரத்துல யாருக்கும் இருக்காதும்மா” என்றான்.’

இது நன்றாக வந்திருப்பதாக, அடக்கத்துடன், எண்ணினேன்.

3

கடையை இப்போது என் நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். விற்பதில் கெட்டிக்காரி; பொருத்தத்தான் வராது. ஃபிரேமின் நுனியைச் சூடான மணலில் புதைத்து, பதம் பார்த்து, அவரவர் காதுக்கேற்ப வளைக்க வேண்டும். என் கணவர் செய்துவந்த வேலை அது. பொருத்தாத கண்ணாடிகள் மேசையில் சேர்ந்துகொண்டே போகின்றன என்றும், நான் வராவிட்டால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்றும் சொல்ல வந்தவள், நின்றபடியே இந்தப் பக்கங்களைப் படித்தாள்.

“அண்ணி, இது அண்ணன் பேச்சு.”

காவலன் பேச்சு என்றேன்.

“கண்ணாடியே இல்லாத காலத்துல உங்க காவலனுக்குக் காதுல என்ன வேலை?”

பக்கங்களை என்னிடம் நீட்டியபடி அவளே சொன்னாள்: “ஞாயித்துக்கிழமைகூட சும்மா இருக்க மாட்டாரு. அங்க மட்டும் சும்மா இருப்பாராக்கும்.”

4

காவலனை நீக்கிப் பார்த்தேன். வாயில் திறந்தே கிடந்தது. உள்ளே நுழைய எனக்கு

(இவ்வாக்கியத்தை இப்படியே விட்டுவைக்க அனுமதி வேண்டுகிறேன்.)

திரும்ப அவரையே அங்கு நிறுத்தினேன். அவர் அவளை உள்ளே விடுவதாக ஒரு முடிவு எழுதினேன், விரட்டுவதாக ஒன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். மூன்றாவதில், மணல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று அவள் அவரிடம் கேட்கிறாள்.

“தினம் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தே” என்கிறார் காவலர்.

5

இதைக் கடையில், மணல் சட்டியின் பக்கத்தில் அமர்ந்து எழுதுகிறேன். முதல் ஃபிரேம் ஒடிந்துவிட்டது. நாத்தனார் அடுத்ததை நகர்த்தி வைத்தாள். எடுத்துக்கொண்டேன்.

அவள் கோட்டைக்குள் போனாளா என்று தாங்கள் கேட்கலாம். தயைகூர்ந்து, முதலில் நிமிர்ந்து உட்காருங்கள். தங்கள் இடது காது சற்றுத் தாழ்ந்திருக்கிறது. தவறாக எண்ண வேண்டாம். சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை வளைத்தவள் சொல்ல இயலாது. குனிந்து பாருங்கள். நழுவினால் சொல்லுங்கள், திரும்பவும் மணலில் வைக்கிறேன்.